தலைக்கட்டு வரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரன். பன்னிரண்டு வருடமாக பெங்களூரில் மென்பொருள் வேலை. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துத்தான் திரும்புகிறேன். என் சின்ன வயதில் ஊர் ஒரே குடும்பமாக இருந்தது. கண்மாயில் மீன்பிடித் திருவிழா என்றால் சாதி பார்க்காமல் எல்லோரும் இறங்குவார்கள். இப்போது ஆளுக்கொரு போர்வெல், ஆளுக்கொரு காம்பவுண்டுச் சுவர். ஊர்க்கூட்டத்துக்கு இருபது பேர் வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இருநூறு பேர் இருக்கிறோம், காலை வணக்கம் போட்டுக்கொள்கிறோம். கீழடியைப் பார்த்தால் ஐயாயிரம் வருட நாகரிகம் நம்முடையது என்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஊர் உணர்வு இப்படிச் செத்துப்போகலாமா?

எங்கள் ஊர் வரலாற்றை எழுதி அடுத்த கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலராகக் கொண்டுவர ஆசை. எப்படித் தொடங்குவது, என்னென்ன படிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? பெயரும் ஊரும் வேண்டாம், ஊரில் வருத்தப்படுவார்கள்.

அன்புள்ள தம்பி,

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கீழடிக்கு ஐயாயிரம் வருடம் என்று தோண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை. 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டுபோகிறது. சுமார் 2,600 வருடம். அது போதாதென்று எதற்கு இரண்டால் பெருக்குகிறீர்கள்? வாட்ஸ்அப் காலை வணக்கம் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. போடுங்கள். போர்வெல் புலம்பலையும் விட்டுவிடலாம். சித்திரை மாதத்தில் இரண்டு தெரு தாண்டிக் குடம் தூக்கிய ஒரு பெண்ணிடம் போய், போர்வெல்தான் ஊர் ஒற்றுமையைக் கெடுத்தது என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களுக்கு நல்ல பதிலாகச் சொல்வார்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வரிக்காக. ‘ஊர் ஒரே குடும்பமாக இருந்தது.’

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் எனக்கும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பா சில காலம் ஊர்க் கணக்கு எழுதியவர். சர்க்கார் கணக்குப்பிள்ளை இல்லை, கோயிலுக்கும் கண்மாய்க்கும் ஊரார் வைத்துக்கொண்ட கணக்கு. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்த நோட்டுகள் வந்தன. பாதியைச் செல் அரித்துவிட்டது. மீதியை உட்கார்ந்து படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் தலைக்கட்டு வரி. இது தெரியாத பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணமான ஒரு ஆண், அவன் குடும்பம், அது ஒரு தலைக்கட்டு. ஊர்ப் பொதுக்காரியம் எதுவானாலும் செலவை மொத்தத் தலைக்கட்டால் வகுத்து வசூலிப்பார்கள். கைம்பெண் வீட்டுக்கு எங்கள் ஊரில் அரை வரி.

வரவில் மீன்பாசி ஏலம், கரைமேல் நின்ற கருவேல மரங்கள் ஏலம், தலைக்கட்டு வரி. செலவில் மடை அடைக்க வைக்கோல், கலுங்கு பூசச் சுண்ணாம்பு, வரத்துக்கால் வெட்டிய ஆட்களுக்குச் சாப்பாடு, சாமியாடிக்கு வேட்டி, வெடி. அப்புறம் இன்னொரு தலைப்பு அடிக்கடி வருகிறது: தெண்டம். கரை வேலைக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்குத் தெண்டம். முறை தெரியாமல் வாய்க்காலை உடைத்தவனுக்குத் தெண்டம். மாட்டைக் கரைமேல் மேயவிட்டதற்கு, கூட்டத்தில் பெரியவரை மரியாதை இல்லாமல் பேசியதற்கு, பேசியவனைத் திருப்பிப் பேசியதற்கு. என் சொந்தச் சித்தப்பா பெயர் மட்டும் பல இடங்களில் இருக்கிறது. இதுதான் தம்பி, நீங்கள் குடும்பம் என்று சொல்கிறது.

நான் கேலி செய்யவில்லை. அந்த ஏற்பாடு வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்பதைத்தான் நீங்கள் எழுத வேண்டும் என்கிறேன்.

கண்மாய் எப்படி இயங்குகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வயதுக்காரர்களில் பலருக்கு அது மீன் பிடிக்கிற இடம், செல்ஃபி எடுக்கிற இடம் என்பதற்குமேல் தெரிவதில்லை. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து கரைக்கு உள்வாயில் தேங்குகிறது. மடை வழியாக வயலுக்குப் போகிறது. நிறைந்தால் கலுங்கு என்கிற வழிந்தோடும் கல் தடுப்பைத் தாண்டி மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கடுத்த ஊர். மதுரைச் சீமை முழுவதும் இப்படி ஒன்றின் கழிவு இன்னொன்றின் வரத்தாக, சங்கிலியாகத்தான் இருக்கிறது. இப்போது கணக்குப் போடுங்கள். மேல் ஊர்க்காரன் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்குமேல் அரையடிக்குக் கல்லடுக்கினால் அவனுக்கு ஒரு மாதத் தண்ணீர் கூடும். கீழ் ஊர்க்காரனுக்கு மறுகால் வராது. மேல் ஊரிலேயே உள்வாயில் பயிர் வைத்தவன் வயல் மூழ்கும். ஆக, ஒரே கல்லால் இரண்டு சண்டை.

ஊருக்குள்ளேயும் அப்படித்தான். மடைக்குப் பக்கத்து வயல்காரன், கடைமடை வயல்காரன் இருவருக்கும் ஒரே கண்மாய், ஆனால் ஒரே மனது கிடையாது. தண்ணீர் குறைந்துவிட்டால் முறைத்தண்ணீர்: இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம். யார் திறப்பது? வயல்காரன் தன் வயலுக்குத் தானே வாய்மடை திறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் விதி. அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் கூடாது. அதற்குத்தான் நீர்ப்பாய்ச்சி. ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களில், அவருக்கு நிலம் இருக்காது, அதனால் யாருக்கும் கூடுதலாக விடவேண்டிய அவசியமும் இல்லை. அறுவடையின்போது களத்துமேட்டில் ஒவ்வொரு வயல்காரனும் அளந்து போடும் நெல்தான் கூலி. எல்லோருக்கும் சரியாகப் பாய்ந்தால்தான் எல்லோரிடமும் கூலி.

பாருங்கள், எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத ஆட்கள் சேர்ந்து, நம்பாமலேயே விவசாயம் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நீங்கள் அதைப் பாசம் என்று எழுதிவிட்டால் அவர்களுடைய மூளைக்கு மரியாதை இல்லாமல் போகிறது.

எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒல்லியான மனிதர், தோளில் மம்பட்டி, ராத்திரியானால் அரிக்கேன் விளக்கு. எந்த வயல் எவ்வளவு குடிக்கும், எது சீக்கிரம் வற்றும் என்று ஊரில் அவருக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். எங்கள் கண்மாயில் பழைய குமிழிமடை ஒன்று இருந்தது. இரண்டு கல்தூண், நடுவில் குறுக்குக் கல், அடியில் தண்ணீருக்குள் துவாரம். கண்மாய் நிறைந்திருக்கும்போது அதைத் திறக்க மூழ்கித்தான் ஆக வேண்டும். கார்த்திகைக் குளிரில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். நாங்கள் கரையில் நின்று எண்ணுவோம். என் தாத்தாவைவிட மூத்தவர். பள்ளிக்கூடம் போகிற பையன்கள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் பெயர் அப்பாவின் நோட்டில் இருக்கிறது, செலவுப் பக்கத்தில். கூலி நெல், தீபாவளிக்கு வேட்டி. வரவுப் பக்கத்தில் தேடினேன், கிடையாது. ஊரிலேயே மிகவும் தேவைப்பட்ட ஆளுக்கு ஊரில் தலைக்கட்டு கிடையாது. அவர் வீடு இருந்தது கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில்.

நான் இந்த ஒரு விஷயத்தை நீட்டத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஊர்களில் பெரிய தண்டனை தெண்டம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இல்லை. தெண்டம் போட்டால் நீ ஊருக்குள் இருக்கிறாய் என்று பொருள். ஒருவனை விலக்க வேண்டுமென்றால் அவனிடம் வரி வாங்க மாட்டார்கள். அவ்வளவுதான். அடி கிடையாது, வசவு கிடையாது. திருவிழா வரும், வசூலுக்கு வருகிறவர்கள் உன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவார்கள். காசு கேட்காததைப் போன்ற அவமானம் நம் ஊரில் இல்லை. இன்றைக்கும் நம் மாவட்டங்களில் கோயில் சண்டை பலவற்றின் அடியில் போய்ப் பாருங்கள், ‘எங்களிடம் வரி வாங்கு’ என்பதுதான் கோரிக்கையாக இருக்கும். வரி கட்டமாட்டேன் என்று போராடுவது எல்லா ஊரிலும் உண்டு. வரியை வாங்கிக்கொள் என்று போராடவேண்டி இருப்பது இங்கேதான்.

நீர்ப்பாய்ச்சியின் மகனுக்கு வெளியூரில் சர்க்கார் வேலை கிடைத்தது. ஒரு பங்குனிப் பொங்கலுக்கு அவன் சட்டை, பேண்ட் போட்டுக்கொண்டு சாவடிக்கு வந்தான். வசூல் நடந்துகொண்டிருந்தது. அப்பா நோட்டோடு உட்கார்ந்திருந்தார், நான் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வாசலுக்கு வெளியே நின்றபடியே, “எங்க வரியையும் எழுதிக்கங்கய்யா” என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பணத்தை நீட்டினான். யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா பேனாவை மூடி வைத்தார். பெரியவர் ஒருவர், “அதுக்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசணும்ப்பா, அப்புறம் பாப்பம்” என்றார். அவன் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றான். பிறகு பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் தெருமுனை திரும்புவதற்குள் சாவடியில் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. அந்தக் கூட்டம் எனக்குத் தெரிந்து போடப்படவில்லை.

சில வருடத்தில் அவன் தன் அப்பாவைக் கூடவே அழைத்துக்கொண்டு போனான். அதனால்தான் எங்கள் கண்மாய் கெட்டது என்று நான் கதை கட்டப்போவதில்லை. இலவச மின்சாரம் வந்தது, போர்வெல் வந்தது, விவசாயம் கட்டுப்படியாகாமல் ஆட்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள், வரத்துக்காலில் வீட்டுமனைக் கல் ஊன்றினார்கள். ஆனால் ஊர் ஒரே குடும்பமாக இருந்தது என்று யாராவது எழுதினால் எனக்கு அந்த நீட்டிய கைதான் நினைவுக்கு வருகிறது.

மீன்பிடித் திருவிழாவைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மைதான். அதை மறுத்தால் நான் ஊர்க்காரனே இல்லை. கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் நாள் குறித்து ஊர் ஊராகச் சொல்லிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே கரை முழுக்கத் தலை. சிவகங்கைப் பக்கமிருந்து, நத்தம் பக்கமிருந்து, லாரி பிடித்துக்கூட வருவார்கள். பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுகிற அந்த நொடி வரை ஒரு கால் தண்ணீரில் படக்கூடாது. வீசியாகிவிட்டதென்றால் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக அத்தனை பேரும் ஒரே பாய்ச்சல். கெளுத்தி முள் குத்தாமல் திரும்பியவனை நான் பார்த்ததில்லை. பிடித்த மீனை விற்கக் கூடாது. அன்று சாயங்காலம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் குழம்பு வாசம், விரால் கிடைத்த வீட்டிலிருந்து கிடைக்காத வீட்டுக்குக் கிண்ணம் போகும். என் மனைவிக்கு அயிரை பிடிக்கும், எனக்கு விரால், இந்தத் தகராறு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. அந்த ஒரு காலையில் யார் தோளில் யார் இடித்தார்கள் என்று எவரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஒரு காலை, தம்பி. வருடத்தில் ஒரு காலை. கிண்ணம் எந்தத் தெரு வரைக்கும் போனது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

குடிமராமத்து என்று இப்போது மேடையில் பெருமையாகப் பேசுகிறார்கள். மக்களே கூடித் தங்கள் கண்மாயைச் செப்பனிட்டார்களாம், ஆங்கிலேயன் வந்து கெடுத்தானாம். 1858-ல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். கரை உடையும் நிலை வந்தால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல் பலமுள்ள ஆண்களைப் பிடித்து வேலை வாங்கலாம். வழக்கப்படி வரவேண்டிய மராமத்து வேலைக்கு வராதவன் அந்த வேலைக்கான கூலியைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். வெள்ளைக்காரன் சாசனத்தில் எழுதியதற்கும் என் அப்பா நோட்டில் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருவருமே உழைப்பு தானாக வராது என்று தெரிந்தவர்கள். மண் சுமக்க வேண்டியது யார் என்பதிலும் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

மதுரைக்குள்ளேயே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்க நினைத்தார். அரசாங்கத்திடம் அவ்வளவு பணமில்லை. இடித்து அகழியைத் தூர்க்கிறவர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். ஊர் திரண்டு வந்து இடித்தது. இப்படித்தான் வெளி வீதி வந்தது. வேலையைப் பார்த்தவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. பிளாக்பர்ன் நினைவுக்கு விளக்குத்தூண் நிற்கிறது. இதையும் ஊர் கூடிச் செய்த காரியம் என்றுதான் சொல்ல வேண்டும். மனை கிடைத்தது, கூடினார்கள்.

அழகர் ஆற்றில் இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு தேனூரில் இறங்கியவரை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கொண்டுவந்தாரே தவிர, தேனூரைத் துடைக்க முடியவில்லை. வண்டியூரில் இன்றும் தேனூர் மண்டபம் இருக்கிறது, மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க அழகர் அங்கேதான் போகிறார். அழகர்கோயிலிலிருந்து ஆறு வரைக்கும் வழி முழுக்க மண்டகப்படி, சாமி நின்று மரியாதை வாங்கிக்கொள்ளும் இடங்கள். எந்த மண்டகப்படி யாருடையது, சாமி எவ்வளவு நேரம் நிற்பார், யாருக்கு என்ன மரியாதை என்று ஒவ்வொன்றுக்கும் உரிமை. பக்தியில் அத்தனை லட்சம் பேர் கூடுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் சாமியை நகர்த்துவது அந்த உரிமைப் பட்டியல்தான். சரி, இதை விடுகிறேன். இதைத் தொட்டால் ராத்திரி முழுக்க எழுதுவேன்.

‘ஊர் உணர்வு செத்துப்போகலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் பதில் சொல்லவேண்டியதில்லை. உங்கள் வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது, நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு பார்க்கத் தவறினீர்களா என்றுதான் எனக்குக் கோபம்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. அந்தச் சுரங்க எல்லைக்குள் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் வருகின்றன. 2022-ல்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சமணர் படுகை, குடைவரைக் கோயில், மலையில் லகுடு வல்லூறு, அடியில் சுனைகளும் கண்மாய்களும். செய்தி வந்ததிலிருந்து ஊர் ஊராகக் கூட்டம். டிசம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7-ம் தேதி மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள், கடை அடைத்து, வண்டி கட்டி, கைக்குழந்தையோடு. ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து. எத்தனை சாதி, எத்தனை கட்சி அந்த ஊர்களில்! எல்லாம் ஒரே சாலையில் நடந்தன.

இப்போது இன்னொன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதே மேலூர் வட்டாரத்தில்தான் கிரானைட் குவாரிகள் வருடக்கணக்கில் மலைகளை அறுத்தன. வரத்துக்கால், கண்மாய் எல்லாம் கழிவுக் கல்லுக்கு அடியில் போயின. 2012-ல் ஆட்சியராக இருந்த சகாயம் அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று எழுதினார். அப்போது இதே ஊர்கள் ஏன் இப்படி நடக்கவில்லை? சிலர் எதிர்த்தார்கள், பட்டார்கள், அவர்களை மறக்கக் கூடாது. ஆனால் ஊராக எழவில்லை.

ஊர் உணர்வு 2012-ல் செத்து 2024-ல் பிழைத்துவிட்டதா? எனக்குத் தோன்றுவது இதுதான். கிரானைட்காரர்கள் பட்டா பட்டாவாகக் கேட்டார்கள். உன் இரண்டு ஏக்கர் பாறைக்காடு, இந்தா பணம். உன் மகனுக்கு லாரியில் வேலை. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை. ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள், பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவுக்குக் கொடுத்தான் என்பது மட்டும்தான் பேச்சு. டங்ஸ்டனில் ஐயாயிரம் ஏக்கர் மொத்தமாகக் கோடு போட்டுவிட்டார்கள். பணக்காரன் தோட்டம், காலனி வீடு, அம்மன் கோயில், சுடுகாடு எல்லாம் கோட்டுக்குள். யாரிடமும் தனியாகப் பேரம் பேச யாரும் வரவில்லை. அன்றைக்குத்தான் அத்தனை பேரும் ஒரே கரையில் நின்றார்கள். பட்டா பட்டாவாகக் கேட்டிருந்தால் டங்ஸ்டனும் வந்திருக்கும் என்று நான் பயப்படுகிறேன். இதை உங்கள் மலரில் எழுத தைரியம் உண்டா?

அந்த மலைக்கே இன்னொரு சாட்சியும் உண்டு. மீனாட்சிபுரம் மலையில் இருக்கும் மாங்குளம் கல்வெட்டுகள், 1882-ல் ராபர்ட் சிவெல் கண்டவை. நெடுஞ்செழியன் பெயர் வருகிறது என்பதால் எல்லோரும் அரசனைப் பற்றியே பேசுகிறோம். அங்கேயே வெள்ளறை நிகமத்தார் கொடுத்த கொடையும் வெட்டப்பட்டிருக்கிறது. வெள்ளறை என்கிற ஊரின் வணிகர் கூட்டம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த நிகமத்துக்கும் கணக்கு எழுதியிருப்பார், யாரோ ஒருவர் தன் பங்கைக் கொடுக்க இழுத்தடித்திருப்பார்.

இனி உங்களிடம் வருகிறேன். ஊர்க்கூட்டத்துக்கு இருபது பேர் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இருபதில் நீங்கள் என்றைக்காவது உண்டா? கூட்டம் பொங்கல் மறுநாள்தான் போடுவார்கள், நீங்கள் அன்று ராத்திரி பஸ்ஸைப் பிடித்திருப்பீர்கள். உங்களைப் போன்ற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும், என் மகனும் ஒருவன். தலைக்கட்டு வரியை ஜிபேயில் போடுவான். கும்பாபிஷேகத்துக்குக் கூடுதலாகவே போடுவான். ஃப்ளெக்ஸில் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்வான். மடை இரும்புக் கதவு துருப்பிடித்து மூடமுடியாமல் கிடக்கிறது, அதற்கு ஆள் சேர்க்க வேண்டும் என்று சொன்னால் போன் கட்டாகிவிடும். கோயிலுக்குக் கோபுரம் உயர்ந்துகொண்டே போகிறது, கலுங்கைப் பார்க்க ஆளில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு முறையைச் செய்யாமல் இருப்பது முன்பு பண்ணையார்கள் செய்த வேலை. இப்போது அதை நீங்கள் எல்லோரும் செய்கிறீர்கள். அப்புறம் ஊர் உணர்வு செத்துவிட்டது என்று கடிதம் எழுதுகிறீர்கள்.

கடுமையாகச் சொல்லிவிட்டேனா? உங்கள் கடிதத்தில் ‘மனம் கனத்துத் திரும்புகிறேன்’ என்று ஒரு வரி இருந்ததால்தான் இவ்வளவு திட்டுகிறேன். கனக்காதவர்களுக்கு நான் பதிலே எழுதுவதில்லை. பெங்களூரில் வாடகை வீட்டில் உட்கார்ந்து இன்னும் அந்தக் கண்மாயை நினைக்கிற பிள்ளை, திட்டினால் கேட்கும் என்று நம்புகிறேன்.

என்ன படிப்பது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நெல்சன் 1868-ல் வெளியிட்ட மதுரை மாவட்ட நூலும் பிரான்சிஸ் 1906-ல் தொகுத்த கெசட்டியரும் இணையத்திலேயே கிடைக்கும். படியுங்கள், ஆனால் அவை கலெக்டர் நாற்காலியில் இருந்து பார்த்தவை. பெரியாற்றுத் தண்ணீர் 1895-ல் வந்த பிறகு உங்கள் ஊரில் என்ன மாறியது என்று தனியாக ஒரு பகுதி எழுதுங்கள். பெரியாற்றுக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம், அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம், அணையில் தண்ணீர் இருந்தால்தான் அதுவும். இதனால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் ஆகாது என்று உங்கள் பெரியப்பாக்களுக்குத் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் ஊரின் அ-பதிவேட்டைப் பாருங்கள். எந்தப் புல எண் கண்மாய், எது வாய்க்கால், எது மந்தை என்று அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நடந்துபோய், இப்போது அங்கே என்ன நிற்கிறது என்று எழுதுங்கள். அந்த ஒரு பட்டியல் போதும், உங்கள் மலரை ஊரில் எல்லோரும் படிப்பார்கள், சிலர் எரிக்கவும் பார்ப்பார்கள்.

ஊர்க் கணக்கு நோட்டு யார் வீட்டிலாவது கிடக்கும். செல் அரிப்பதற்குள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். செலவுப் பக்கத்தில் மட்டும் வருகிற பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அவர்கள் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒத்தக்கடையிலோ திருப்பூரிலோ இருப்பார்கள், உங்கள் பெங்களூரிலேயே இருக்கவும்கூடும். போய்ப் பேசுங்கள். முதல் தடவை பேசமாட்டார்கள். மலருக்கு நன்கொடை வசூலிக்கும்போது அவர்களிடமும் கேளுங்கள், ரசீது போட்டு வாங்குங்கள். ஊரில் சத்தம் வரும். வரட்டும்.

அமைச்சர் வாழ்த்துச் செய்தி, நகைக்கடை விளம்பரம் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள், அச்சுச் செலவுக்கு வேறு வழியில்லை. எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்புங்கள். பிடிஎஃப் வேண்டாம், போனில் படித்தால் கண் எரிகிறது.

அன்புடன்.